மாட்டு டொக்டர் தந்த தழும்பு

உங்கள் இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். இலங்கையில் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது உண்டு. பிரசவ ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே போட்டுவிடுகிற பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது, காசநோய்க்கான தடுப்பூசி. அந்த மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்து கமில் கெரென் என்ற பிரெஞ்சுக்காரருடையது. கெரென் படித்தது மிருக வைத்தியம்.

அவரும் ஆல்பேர் கல்மெட் என்ற மனித டொக்டரும் லீல் நகரில் இருந்துகொண்டு இந்த மருந்தைச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி காசநோய் பிடித்த ஒரு பசுவின் மடியிலிருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்த எட்மோன் நோக்காரும் ஒரு மிருக வைத்தியர்தான். உருளைக்கிழங்குத் துண்டை கிளிசரினிலும் மாட்டுப் பித்தநீரிலும் ஊறவைத்து அதன் மேல் கிருமியை வளர்ப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுத் துண்டுக்கு மாற்றுவார்கள். 1908ல் தொடங்கி 1921 வரை 230 தடவை மாற்றினார்கள். நடுவில் முதலாம் உலகப் போர் வந்து, லீல் நகரம் ஜேர்மன் படையின் கையில் போனது. கிழங்கு மாற்றுவது மட்டும் நிற்கவில்லை. பதின்மூன்று வருஷத்தின் முடிவில், நோய் உண்டாக்கும் வலுவை இழந்து, உடம்புக்குப் பகைவனை அடையாளம் காட்ட மட்டும் தெரிந்த ஒரு கிருமி மிஞ்சியது. அது அப்படி மாறிவிட்டது என்பதைக் காட்டிக் கொடுத்தவற்றில் கன்றுக்குட்டிகளும் உண்டு. கன்றுக்குட்டிக்குச் சுகமா சுகமில்லையா என்று பார்த்துச் சொல்ல மிருக வைத்தியர்தான் வேண்டும்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். பெயர் போட வேண்டாம் என்றார். வேலைக்காலத்தின் பெரும்பகுதியை மருத்துவ ஆய்வுக்கூடங்களின் மிருக அறைகளில் கழித்தவர். இப்போது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில், தெருவிலிருந்து எடுத்த மூன்று பூனைகளோடு இருக்கிறார். மாடிப்படியில் ஏறும்போதே, "டொக்டரிட்டயோ? எந்த டொக்டர், மாட்டு டொக்டரோ?" என்று கீழ்வீட்டு அம்மா கேட்டார்.

அந்தக் கேள்வியில் எங்கள் ஆட்களின் முழு மனக்கணக்கும் இருக்கிறது. உயிரியல் பிரிவில் ஏ.எல். எழுதின பிள்ளைக்கு இசட் புள்ளி மருத்துவத்துக்குக் கொஞ்சம் போதாமல் போனால், வீட்டில் ஒரு மரண வீட்டு அமைதி. பிறகு யாராவது ஒரு மாமா, "சரி, பல்லுக்குப் போடு, இல்லாட்டி மாட்டுக்குப் போடு" என்பார். மாடு கடைசியில் நிற்கிறது. அந்தப் பிள்ளை பேராதனைக்குப் போகிறது. நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் தருகிற பீடம் அங்கே ஒன்றுதான். அந்தப் படிப்பு 1940களின் கடைசியில் கொழும்பில் தொடங்கியது என்பதும், ஆரம்ப காலத்தில் மருத்துவபீடத்தோடு ஒட்டியே வளர்ந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டு வைத்தியமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிறகுதான் பாகப்பிரிவினை நடந்தது.

பட்டம் முடித்தவர்களில் பெரும்பாலானோர் அரசாங்கக் கால்நடைத் திணைக்களத்துக்குப் போவார்கள், அல்லது கொழும்பில் நாய் பூனைக் கிளினிக் திறப்பார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் போவது சிலர்தான். அங்கே காசு குறைவு, வெளியே பெயரும் வராது. ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் பேராசிரியருடையது. எலிகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரி இருக்கும். இலங்கை ஆய்வுகளில் அந்த வரி பெரும்பாலும் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சொல்லும். எல்லோரும் எம்.ஆர்.ஐ. என்று சொல்கிற இடம். அந்த எலியைப் பெற்று, வளர்த்து, சுகமாக ஒப்படைத்த ஆளைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லாது.

சரி, மிருக அறைக்குள் ஒரு வைத்தியருக்கு என்ன வேலை?

முதல் வேலை மூக்குக்கு. கதவைத் திறந்ததும் மூத்திர நெடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. எலிக்கூட்டில் போட்ட மரத்தூள் நனைந்தால் அமோனியா கிளம்பும். அது எலியின் சுவாசப்பையைக் கெடுக்கும். சுவாசப்பை கெட்ட எலியில் ஆஸ்துமா மருந்து சோதித்தால் விடை பிழைக்கும். அப்புறம் சூடு. ஆய்வு எலிக்கு 22 பாகை அளவில் இருந்தால் நல்லது. கொழும்பின் மத்தியானம் 30க்கு மேல் போகும், கூடவே புழுக்கம். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்ற ஒழுங்கும் குலையக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆய்வுக்கூடத்தில் அப்போது வேலை செய்த ஒரு பிள்ளையைப் பற்றி டொக்டர் சொன்னார். ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நனைத்த துணியைக் கூடுகளுக்கு மேல் போட்டு, ஐஸ் போத்தல்களை நடுவில் வைத்து விசிறிக்கொண்டிருந்ததாம். ஐந்து மாத ஆய்வு ஒன்றின் கணக்கு அந்த வாரத்தோடு போயிற்று. மிருகங்கள் தப்பிவிட்டன. இருந்தாலும் சூட்டில் தவித்த மிருகத்தின் இரத்தத்தில் வருகிற எண்களை யாரும் நம்ப முடியாது.

இரண்டாவது வேலை கைக்கு. சுண்டெலியை வாலில் பிடித்துத் தூக்குவது உலகமெங்கும் நூறு வருஷப் பழக்கம். 2010ல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன விஷயத்தைக் காட்டினார்கள். வாலில் தூக்கிய சுண்டெலி பிறகு அந்தக் கையைக் கண்டு ஒதுங்குகிறது. ஒரு குழாய்த் துண்டுக்குள் நுழையவிட்டுத் தூக்கினாலோ, குழித்த உள்ளங்கையில் ஏந்தினாலோ பயம் மிகக் குறைவு. பயந்த மிருகத்தின் உடம்பு வேறு உடம்பு. அழுத்த ஹோர்மோன் ஏறிவிடும், மருந்து வேறுமாதிரி வேலை செய்யும். அதே 2010ல் சுண்டெலியின் முகத்தைப் பார்த்து நோவை அளக்கும் முறையும் வந்தது. கண் எவ்வளவு இறுகியிருக்கிறது, மூக்கும் கன்னமும் புடைத்திருக்கின்றனவா, காது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, மீசை எப்படி நிற்கிறது என்று புள்ளி போடுவார்கள். இந்தத் துறையில் கருணையும் கணக்கும் ஒரே பக்கம் நிற்பதை இங்கே பார்க்கலாம். மிருகத்தை அன்பாக வைத்திருப்பதை அறமென்று மட்டும் பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நோவில் கிடக்கும் எலி பொய் சொல்லும், அந்தப் பொய் கடைசியில் மனிதனுக்குப் போகும் குளிசையில் வந்து சேரும்.

மூன்றாவது வேலையைப் பற்றி டொக்டர் சுருக்கமாகத்தான் பேசினார். ஆய்வு முடிந்தால் பெரும்பாலான மிருகங்களைக் கொல்ல வேண்டும். நோவில்லாமல், மற்ற மிருகங்களின் கண்ணில் படாமல், வேகமாக. அதைச் செய்யத் தெரிந்தவரும், "இது இனித் தாங்காது, ஆய்வு முடியாவிட்டாலும் இப்பவே நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரும் அவர்தான். பேராசிரியரோடு முட்டுப்படுவது அங்கேதான்.

1959ல் ரசல், பேர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் மூன்று விதிகள் எழுதினார்கள். முடிந்தால் மிருகத்துக்குப் பதில் வேறு வழி பார். முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதுவும் முடிந்த பிறகு, மிஞ்சிய மிருகத்தின் வேதனையைக் குறை. இன்று உலகத்து நெறிமுறைக் குழுக்கள் எல்லாம் இந்த மூன்றில்தான் நிற்கின்றன. எங்கள் மிருகவதைச் சட்டமோ 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். வண்டில் மாட்டை அடிக்கிறவனை நினைத்து எழுதியது. புதிய மிருகநலச் சட்டத்தின் வரைவு வருஷக்கணக்காக இழுபடுகிறது.

"எலிகளுக்குப் பெயர் வைப்பீங்களோ ஐயா?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"வைக்கிறேல்ல. பிக்ரிக் அமிலத்தில ஒரு மஞ்சள் பொட்டு வைப்பம், அடையாளத்துக்கு. ஒண்டுக்குத் தலையில, ஒண்டுக்கு முதுகில, ஒண்டுக்கு வாலில." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "பிறகு பாத்தா, மஞ்சள்தலை இண்டைக்குச் சாப்பிடேல்ல எண்டு பொடியள் வந்து சொல்லுவாங்கள். அது பெயர்தானே."

எலியை விட்டுவிட்டு வெளியே வருவோம். கொழும்பில் மிருக வைத்தியமும் மனித வைத்தியமும் முட்டிக்கொள்கிற பெரிய இடம் நாய். விசர்நாய்க்கடி பற்றிய எங்கள் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. அவ்வளவு பழைய பிரச்சினை. 1973ல் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பில் செத்தார்கள். அதற்குப் பிறகு 1975ல் தேசியத் திட்டம் தொடங்கியது. இன்று வருஷத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு அது இறங்கியிருக்கிறது. கடிபட்டவர்களுக்கு ஊசி போட்டது ஒரு காரணம். என் கணக்கில் பெரிய காரணம், கடிக்கக்கூடிய நாய்க்கு ஊசி போட்டது. ஓர் ஊரின் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்தால் வைரசுக்கு அடுத்த நாய் கிடைப்பது கஷ்டமாகிவிடும். ஆகவேதான் சுகாதார அமைச்சு தனக்குள்ளேயே மிருக வைத்தியர்களின் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. 2006ல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை நிறுத்தி, ஊசியும் கருத்தடையும் என்று மாறினார்கள். நாய் பிடிக்கும் லொறியைப் பார்த்து அழுத தலைமுறை நாங்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்த லொறி தெரியாது.

சந்தேகத்துக்குரிய நாய் செத்துவிட்டால் என்ன செய்வது? தலை வேண்டும். நாயின் தலையைக் கழுத்தோடு வெட்டி, பொலித்தீன் பையில் கட்டி, ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுபோக வேண்டும். குளிராக இருக்க வேண்டும், கட்டியாக உறையக்கூடாது. போமலின் ஊற்றவும் கூடாது. மீன் பெட்டி மாதிரி இருக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது, பெட்டிக்காரர் சொல்லவும் மாட்டார். ஆய்வுக்கூடத்தில் மண்டையைத் திறந்து மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் பூசி, வைரசில் போய் ஒட்டிக்கொள்கிற, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை விடுவார்கள். வைரஸ் இருந்தால் நுணுக்குக்காட்டியின் இருட்டில் பச்சைப் புள்ளிகள் மினுங்கும். கடிபட்ட பிள்ளைக்கு எவ்வளவு ஊசி, இன்னும் யார் யாரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பச்சையைப் பொறுத்தது.

பழைய ஆட்கள் இன்னும் "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று பயப்படுத்துவார்கள். அது 1911ல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் செய்த மருந்து. நோயேற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, பினோல் சேர்த்து வைரசைச் சாகடித்துச் செய்வது. நோவு ஒரு பக்கம். அந்த மூளைச் சத்து சிலருக்கு நரம்பைத் தாக்கி வாதம் கொண்டுவந்தது. 1990களின் நடுப்பகுதியில் இங்கே அது நின்றது. இப்போது கலங்களில் வளர்த்த தடுப்பூசி. காயம் மோசமென்றால் கூடவே எதிர்ப்பொருள் ஊசியும் போடுவார்கள், அதில் ஒரு வகை குதிரையின் இரத்தத்திலிருந்து வருவது.

விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். லியோன் மிருக வைத்தியக் கல்லூரியில் இருந்த பியேர் விக்டர் கல்தியேவைப் படித்திருக்க மாட்டோம். நாயிலிருந்து முயலுக்கு இந்த நோயை ஏற்றலாம் என்று 1879ல் காட்டியவர் அவர்தான். விசர் நாயை வைத்து ஆய்வு செய்வது உயிரோடு விளையாடுவது. முயல் கிடைத்ததும் வேலை மேசைக்கு வந்தது. பாஸ்டர் 1885ல் நாய் கடித்த ஒரு சிறுவனுக்குப் போட்ட மருந்து காய்ந்த முயல் முள்ளந்தண்டிலிருந்து வந்தது. இந்த மறதி ஒரு தொடர்கதை. ஏற்பு வலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் நாம் போடுகிற ஊசியின் அடிப்படையைக் கண்டுபிடித்த கஸ்தோன் ராமோனும் மிருக வைத்தியர். பாஸ்டர் நிறுவனத்தின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். போமலினும் சூடும் சேர்ந்தால் நஞ்சு தன் கொடுமையை விட்டு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது என்று 1920களில் கண்டார். நோபல் பரிசுக்கு அவரை 155 தடவை முன்மொழிந்தார்கள். ஒரு தடவையும் கொடுக்கவில்லை. 1996ல்தான் பீட்டர் டோஹர்ட்டி என்ற அவுஸ்திரேலிய மிருக வைத்தியருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

குதிரை என்றதும் பாம்பு ஞாபகம் வருகிறது. நாகம், கண்ணாடி விரியன், எண்ணெய் விரியன் கடிகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் எதிர்நஞ்சு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சை ஏற்றிப் பழக்கி, அதன் இரத்தத்தை எடுத்துச் செய்வது. பல இடங்களில் சிவப்பணுக்களைத் திரும்ப அந்தக் குதிரைக்கே ஏற்றிவிடுவார்கள், அது சோகை பிடித்துச் சரியக்கூடாது என்று. மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சில் செய்யப்படுவதால் இங்கே அது பூரணமாகப் பொருந்துவதில்லை, ஒவ்வாமையும் அதிகம். சிங்களவர் குணகட்டுவா என்கிற, எங்கள் தோட்டங்களில் அதிகம் கடிக்கிற சின்ன விரியனுக்கு அதில் மருந்தே இல்லை. இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்யப் பேராதனைப் பல்கலைக்கழகம் கோஸ்டா ரிக்காவின் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து முயன்றது. எங்கள் பாம்பின் நஞ்சை வாங்கிக்கொண்டவை அங்கத்தைய குதிரைகள்.

குரங்கின் கதை கொஞ்சம் பெரிது. கொழும்பில் 1900 வாக்கில் ஒரு நுண்ணுயிரியல் நிலையம் தொடங்கினார்கள், இன்றைய எம்.ஆர்.ஐ.யின் முன்னோடி. 1903ல் அங்கே வந்த இத்தாலிய டொக்டர் அல்டோ கஸ்தெலானி, பறங்கி நோய் என்று ஊரார் சொன்ன கொடிய புண்ணின் கிருமியை 1905ல் கண்டுபிடித்தார். பிறகு குரங்குகளுக்கு ஏற்றி உறுதிசெய்தார். அறுபது வருஷம் கழித்து, 1965ல், இலங்கை விஞ்ஞானி ஏ. எஸ். திசாநாயக்கவும் வேறு ஆய்வாளர் இருவரும் இலங்கைக் குரங்குகளின் இரத்தத்தில் இரண்டு புதிய மலேரியா ஒட்டுண்ணிகளை விவரித்தார்கள். குரங்கு என்றது ரிலவாவை. தலைமயிரைத் தொப்பி மாதிரி வாரிவிட்டது போலிருக்கும், இலங்கையில் மட்டும் வாழ்கிற இனம். அந்த இரண்டில் ஒன்று, மனிதரைப் பிடிக்கும் விவாக்ஸ் மலேரியாவுக்கு மிக நெருங்கிய சொந்தக்கார இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்தை வேறு குரங்குகளில் வைத்து ஆராய்ந்தபோதுதான், மலேரியா மாறின ஆளுக்கு மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப வருவது ஏன் என்று 1980 வாக்கில் புரிந்தது. ஈரலுக்குள் உறங்கிக் கிடக்கிற ஒரு வடிவம் இருக்கிறது. கொழும்பு மருத்துவபீடத்திலும் பின்னர் ரிலவாவை வைத்து மலேரியா ஆய்வுகள் நடந்தன. 2016ல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் தந்தது. மேடையில் ரிலவாவைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எலியை ஒப்புக்கொள்கிற மனம் குரங்கிடம் வரும்போது தயங்குகிறது. முகம் எங்கள் முகம் மாதிரி இருப்பதாலா என்று டொக்டரிடம் கேட்டேன். "நாயிட்டயும் தயங்கும்" என்றார். "முகத்தை விடு. அது திரும்பி உன்னைப் பாக்கும்."

நாயில் வாழ்ந்து நுளம்பால் பரவும் ஒரு மெல்லிய புழு இருக்கிறது, டைரோபிலாரியா ரிபென்ஸ். மனிதனுக்குள் அது வழிதவறி வந்த விருந்தாளி. தோலுக்கடியில் ஒரு கட்டியாக உட்காரும், சில வேளை கண்ணின் வெள்ளைக்கு மேலே ஊர்ந்துபோகும். உலகத்தில் இது மனிதரில் அடிக்கடி காணப்படும் நாடுகளில் இலங்கை ஒன்று. கண் வைத்தியர் புழுவை எடுத்துவிடுவார். அடுத்த புழு வராமல் இருக்க அந்தத் தெருவின் நாய்களைப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலும் அப்படித்தான், 2008ல் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்த அந்த நோய் எலியோடும் மாட்டோடும் வயல் தண்ணீரோடும் சேர்ந்தது.

நான் போன அன்று மாலை, தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது கதவு தட்டியது. கீழ்வீட்டு அம்மா. கையில் பேரன், ஐந்து வயது இருக்கும், முழங்கைக்குக் கீழே மூன்று சிவப்புக் கோடு.

"டொக்டர், மதில்ல நிண்ட பூனை கீறிப்போட்டுது. மஞ்சள் வைக்கட்டோ?"

மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம் என்று சொல்லி, பிள்ளையைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். பைப்பைத் திறந்து, சவர்க்காரத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், மணிக்கூட்டைப் பார்த்து. பிறகு நேரே ஆஸ்பத்திரி. ஊசி வேண்டுமா என்று அங்கே சொல்வார்கள். அம்மா தலையாட்டினார். பிள்ளை தண்ணீரோடு விளையாடத் தொடங்கிவிட்டது.

டொக்டர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். கீறிய மிருகத்தை 14 நாள் கண்காணிக்க வேண்டும். அது சுகமாக இருந்தால் பிள்ளைக்கும் பயமில்லை.

"பூனை எந்தப் பக்கம் போனது?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.